நெத்திலியின் நோவு

ஒரு பூனையின் வாலுக்குக் கீழே வந்த கட்டியைப் பற்றி மறைமாவட்டத் திங்களிதழ் ஒன்றில் எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். செபத்துக்கும் தியானத்துக்கும் உரிய பக்கங்களில் சீழையும் துர்நாற்றத்தையும் கொண்டுவந்து வைப்பது முறையாகுமா? ஆயினும் எங்கள் வீட்டில் அந்த நாற்றம் எழுந்ததே செபம் நடந்துகொண்டிருந்த அறையில்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

2018-ஆம் ஆண்டுத் தவக்காலம். செங்கற்பட்டில் எங்கள் வீட்டு நடு அறையில் அம்மா கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. மார்ச்சு 2, முதல் வெள்ளி. பங்குத்தந்தை வழக்கம்போல் அம்மாவுக்கு நற்கருணை கொண்டுவந்தார். சிறு மேசையில் வெள்ளை விரிப்பு விரித்து, பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுதிரிகளும் வைத்திருந்தோம். குருவானவர் செபத்தைத் தொடங்கியதும் அறையில் ஒரு நாற்றம் எழுந்தது. அழுகிய மீனையும் துருப்பிடித்த இரும்பையும் ஒன்றாகக் குழைத்தாற்போன்ற நாற்றம். சில நொடிகளே இருந்தது. ஆனால் அறையிலிருந்த எவரும் அதை அறியாமல் இருந்திருக்க முடியாது. குருவானவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தாம் வந்த பணியை நிதானமாக முடித்தார். அம்மா மட்டும் நற்கருணை உட்கொண்ட பின்பு கண்களைத் திறக்கவேயில்லை.

அவர் விடைபெற்றுச் சென்றதும் அம்மா என் மனைவியை அழைத்து, “விரிப்பை மாத்திடும்மா. என்னாலதான்” என்றார்கள். விரிப்பு அன்று காலையில்தான் மாற்றப்பட்டிருந்தது. அதில் ஒரு கறையும் இல்லை. எனினும் மாற்றினாள். படுக்கைப்புண் ஏதேனும் கண்டிருக்குமோ என்று முதுகையும் குதிகாலையும் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுநாள் மீண்டும் அதே நாற்றம். நான் என்ன எண்ணினேன் என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை. முதுமை என்றால் இப்படித்தான் என்று எண்ணினேன். பீங்கான் கோப்பையில் சாம்பிராணி போட்டேன். கடையிலிருந்து பினாயில் வாங்கிவந்து, வழக்கமாக ஊற்றுவதைப்போல் இருமடங்கு ஊற்றித் தரையைத் துடைக்கச் செய்தேன். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே அம்மா படுத்திருந்தார்கள்.

அம்மாவின் காலடியில் நெத்திலி படுத்திருந்தது.

நெத்திலி எங்களுக்குக் கோவளத்திலிருந்து வந்த பூனை. என் அக்காளை அவ்வூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 1808-இல் ஜான் தெ மோந்தே என்னும் போர்த்துக்கீசிய வணிகர் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் இருக்கும் ஊர் அது. 2014-ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவுக்கு நாங்கள் சென்றிருந்தபோது, வலை குவித்திருந்த கொட்டகையில் தாயற்ற குட்டியொன்று கத்திக்கொண்டிருந்தது. அம்மா அதை வயர்கூடையில் இட்டு, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து மாறி மாறிச் செங்கற்பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலுமாய் இருந்ததால் நெத்திலி என்று பெயர். மூன்றே ஆண்டுகளில் அந்தப் பெயர் பொருந்தாமல் போயிற்று. “உங்க நெத்திலி வஞ்சிரமாயிட்டுதே” என்று அண்டை வீட்டார் கேலி செய்யுமளவுக்குப் பருத்துவிட்டது.

அம்மாதான் முதலில் கவனித்தார்கள். படுக்கையில் கிடப்பவருக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? “நாலஞ்சு நாளா அது வாலடியையே நக்கிக்கிட்டு இருக்குப்பா. உட்காரும்போது ஒருச்சாய்ச்சு உட்காருது. என்னமோ நோவு. யாருகிட்டயாவது கொண்டுபோய்க் காட்டு” என்றார்கள். பூனை தன்னை நக்காமல் வேறென்ன செய்யும் என்று சொல்லிவிட்டு நான் செய்தித்தாளை விரித்தேன்.

அந்த வாரத்தில் என் கண்ணில் பட்டவை இன்னும் சில உண்டு. நெத்திலி சிமெண்டுத் தரையில் பின்புறத்தைத் தேய்த்தவாறு முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. பேரப்பிள்ளைகள் அதைக் கண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மணல் தட்டில் நெடுநேரம் முக்கிவிட்டு ஒன்றும் போகாமல் இறங்கியது. முதுகைத் தடவினால் வழக்கம்போல் வாலைத் தூக்காமல் சீறியது. வாலின் அடியில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தவை இத்தனை. ஆனால் இவை எல்லாம் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்பது எனக்கு எட்டவில்லை.

திங்கட்கிழமை மாலை, நெத்திலி எழுந்துபோன இடத்தில் கருஞ்சிவப்பாய் ஒரு துளி கிடந்தது. குனிந்து முகர்ந்தேன். அந்த நாற்றம்! இத்தனை நாளும் அம்மாவின் படுக்கைமீது பழி போட வைத்தது இந்தப் பூனைதானா என்ற கோபத்தில், துடைப்பத்தால் ஒன்று போட்டுப் புழக்கடைக்கு விரட்டிக் கதவைச் சாத்தினேன். அம்மா கேட்டபோது, “வெளியே திரியப் போயிருக்கு” என்றேன். இரண்டு இரவுகள் அவ்வாறே சொன்னேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே அதைக் கண்டேன். கண்கள் பாதி மூடியிருந்தன. உடம்பு கொதித்தது. தூக்கியபோது சீறவும் இல்லை. வாலை உயர்த்திப் பார்த்தேன். ஆசனவாயின் வலப்பக்கத்தில் தோல் வெடித்து, ஒரு சிறு குழியிலிருந்து இரத்தமும் சீழும் வடிந்துகொண்டிருந்தன.

முதலில் நான் செய்ய முயன்றது இன்னொரு பிழை. காய்ச்சலாயிற்றே என்று அம்மாவின் மருந்துப் பெட்டியிலிருந்து பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துப் பாதியாக உடைத்து அதன் வாயில் திணித்தேன். நெத்திலி அதை நுரையோடு துப்பிவிட்டது. துப்பியதால் பிழைத்தது என்று பிறகுதான் அறிந்தேன்.

எங்களூரில் மருத்துவம் பார்த்துவந்த கால்நடை மருத்துவர், 1903-இல் தொடங்கப்பெற்று வேப்பேரியில் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அம்மையார். வயர்கூடையைத் திறந்ததுமே, வால் பக்கம் பார்க்கும் முன்பே, “ஆசனவாய்ப் பையில் கட்டி, சார். உடைஞ்சிருக்கு” என்றார். நாற்றமே சொல்லிவிட்டதாம். அவர் வேலை செய்துகொண்டே விளக்கியதை என் சொற்களில் தருகிறேன்.

பூனைக்கும் நாய்க்கும் ஆசனவாயின் இருபுறமும், தசைகளுக்கு நடுவே, பட்டாணி அளவில் இரண்டு சிறிய பைகள் உண்டு. அவ்விடத்தைக் கடிகார முகமாகக் கொண்டால் 4 மணி நிற்கும் இடத்தில் ஒன்று, 8 மணி நிற்கும் இடத்தில் மற்றொன்று. அவற்றின் சுவரிலுள்ள சுரப்பிகள் கடும் நாற்றமுடைய ஒரு நீரைச் சுரக்கின்றன. மலம் கெட்டியாக வெளியேறும்போது பைகள் அழுத்தப்பட்டு, நுண்ணிய துளை வழியாக ஒரு துளி அதனோடு சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு விலங்குக்கும் தனித்த மணம்; அது அவ்விலங்கின் கையெழுத்து. அச்சத்திலும் அந்நீர் பீறிடும். (நம் பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்றும் பொருள். பூனைகள் இன்னும் அந்த அகராதியையே வைத்திருக்கின்றன போலும்.) மலம் இளகிப் போகத் தொடங்கினால் பைகளை அழுத்த ஒன்றும் இல்லை. உள்ளிருக்கும் நீர் தங்கித் தங்கிப் பசையாகிறது. துளை அடைபடுகிறது. கிருமிகள் பெருகுகின்றன. பை வீங்கிச் சீழ்கட்டி, வேறு வழியின்றித் தோலைத் துளைத்துக்கொண்டு வெடிக்கிறது. நாய்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. பூனைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. வராததாலேயே பூனை வளர்ப்போர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. உடல் பருத்தல், தோல் ஒவ்வாமை, பிறவியிலேயே துளை குறுகியிருத்தல் ஆகியவையும் காரணமாகலாம்.

“பூனை வலியைக் காட்டாது சார். ஒளிச்சுக்கும். நக்குறது ஒண்ணுதான் அது எழுதுற கடிதம்” என்றார் அம்மையார்.

மயக்கமருந்து செலுத்தி, மயிரைக் கத்தரித்து, வெடித்த பையை உப்புநீரால் மீண்டும் மீண்டும் கழுவினார். கழுவிய நீர் தெளிவாக வரும்வரை நிறுத்தவில்லை. கட்டியை உடனே தைத்து மூடக்கூடாதாம். உள்ளே சீழ் தங்கிவிடும், திறந்தே வைத்து அடியிலிருந்து ஆறவிட வேண்டும். பிறகு கையுறை அணிந்த விரலில் வழுவழுப்பான களிம்பு தடவி இடப்பக்கத்துப் பையை மெல்ல அழுத்தினார். அங்கிருந்து பற்பசை போலப் பழுப்புநிறத்தில் ஒரு பொருள் வெளிவந்தது. அதுவும் அடைத்துக்கொண்டிருந்தது, இன்னும் சில நாளில் அதுவும் வெடித்திருக்கக்கூடும். இந்த அழுத்தும் வேலையை வீட்டில் செய்யக்கூடாது என்று என்னைக் கண்டிப்பாக எச்சரித்தார். பழகாத கை பையையே உடைத்துவிடும். நோயில்லாத பூனைக்கு அதைச் செய்யத் தேவையே இல்லை. 10 நாளுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து, பூனைக்கென்று அளவிடப்பட்ட வலிமருந்து, நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு.

பாராசிட்டமால் கதையைச் சொன்னபோது அவர் கை ஒரு கணம் நின்றது. மனிதக் கல்லீரல் எளிதில் உடைத்துத் தள்ளும் அம்மருந்தைப் பூனையின் கல்லீரலால் உடைக்க முடியாது. பாதி மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல. பினாயிலும் டெட்டாலும் அவ்வாறே. துடைத்த தரையில் நடந்த பூனை தன் பாதத்தை நக்கும். அந்த வழியாக நஞ்சு உள்ளே போகும். அம்மாவின் அறையில் நான் இருமடங்கு ஊற்றிய பினாயில் நினைவுக்கு வந்தது.

அவர் சொன்னவற்றுள் இன்னும் இரண்டைப் பூனை வளர்ப்போர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தரையில் தேய்ப்பதெல்லாம் இந்நோய் ஆகாது. வாலடியில் அரிசிமணி போன்றவை ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு, தெள்ளுப்பூச்சியால் வருவது, அதற்கு மருந்து வேறு. ஆண்பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் மலச்சிக்கல் என்று வாளாவிருக்கக்கூடாது. சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். அதில் ஒரு நாள் தாமதமும் உயிரைக் கொண்டுபோகும்.

இறுதியாக அம்மையார் கேட்டார்: “பால் குடுக்கிறீங்களா?”

கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். மாலையில் அம்மாவுக்குக் கொடுக்கும் ஒரு தம்ளர் பாலில் பாதியை அவர்கள் நெத்திலிக்கென்று வைப்பது வழக்கம். படுத்த படுக்கையானபின் அவர்கள் தம் கையால் ஓர் உயிருக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. வயிறு இளகும் என்றார் அம்மையார். அதுவே முழுக்காரணம் என்று சொல்ல முடியாது, உடல் பருமனும் சேர்ந்திருக்கும்; எப்படியாயினும் நிறுத்திவிடுங்கள் என்றார். வெங்காயம் பூனைக்கு நஞ்சாகையால் குழம்பு கலந்த சோறும் கூடாது. முள்நீக்கிய அவித்த மீனோடு ஒரு கரண்டி வேகவைத்த பரங்கிக்காயை மசித்துக் கொடுக்கலாம். நார்ச்சத்து மலத்தைக் கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கூடையை அம்மாவின் கட்டிலருகே வைத்து, “அம்மா, அந்த நாத்தம் இதாலதான். இங்கேயிருந்து வரல்லே” என்றேன்.

அம்மா சற்று நேரம் என்னையே பார்த்தார்கள். “அப்போ நான் நாறலியா?” என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு இன்றளவும் என்னிடம் ஒரு விடை இல்லை. அன்று தலையை மட்டும் அசைத்தேன். அந்த முதல் வெள்ளிக்கு முந்தின நாள், வியாழன் திருப்பலியில் வாசிக்கப்பட்ட நற்செய்தி செல்வரும் இலாசரும் உவமை. புண்களை நாய்கள் வந்து நக்கும் இலாசர். வாயிலருகே கிடந்தும் அவரைக் காணாத செல்வர். அந்த வாசகத்தை அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து நானே உரக்கப் படித்துக் காட்டியிருந்தேன்.

அதன் பிறகு நெத்திலிக்குத் தாதியானவர்கள் அம்மாதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கட்டியின்மேல் ஒத்தடமாக வைக்க வேண்டும். ஒருவேளைக்கு 10 நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. கை பொறுக்கும் சூடு இருந்தால் போதும். தலையணைகளை அண்டக் கொடுத்து அம்மாவை உட்காரவைப்போம். கூம்பு மாட்டிய நெத்திலியின் தலையை அவர்கள் மடியில் இருத்திக்கொள்வார்கள். நான் பின்னாலிருந்து துணியைப் பிடிப்பேன். கடிகாரம் தேவைப்படவில்லை. அம்மா செபமாலை சொல்வார்கள். மூன்று பத்து மணி முடியும்போது ஒத்தட நேரமும் முடிந்துவிடும். முதல் நாள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். “பார்த்துப் புடி. பார்க்காம புடிச்சா அதுக்கு வலிக்கும்” என்றார்கள். நான்காம் நாள் புண் சிவந்து சுத்தமாகத் தெரிந்தது. சரியாகிவிட்டதே, மருந்தை நிறுத்தலாமா என்றேன். அம்மா ஒப்பவில்லை. மருத்துவர் சொன்ன 10 நாளையும் எண்ணி முடித்தார்கள். மூன்றாம் வாரத்தில் புண் இருந்த இடத்தில் ஒரு தழும்புதான் இருந்தது.

இதற்கிடையில் பாலை நிறுத்த வேண்டியிருந்தது. “டாக்டரம்மா பால் வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றேன். அம்மா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “நான் குடுத்ததுதானா?” என்றார்கள். “இல்லை” என்றேன்.

அவ்வாண்டு பாஸ்காவுக்கு முன் நான் செய்த பாவசங்கீர்த்தனத்தில், பூனை வெளியே திரியப் போயிருப்பதாகச் சொன்ன பொய்யைச் சொன்னேன். இரண்டாவது பொய்யைச் சொல்லவில்லை. அது பாவந்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு அவ்வாண்டு ஏப்ரல் 1. அடுத்த வாரத்தில் அக்காளைப் பார்க்கக் கோவளம் சென்று திரும்பும் வழியில், பேரப்பிள்ளைகளுக்காக மாமல்லபுரத்தில் இறங்கினேன். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய அந்தப் பெரும்பாறையை எத்தனையோ முறை பார்த்தவன்தான். அருச்சுனன் தவம் என்பார்கள். பகீரதன் தவம் என்பாரும் உளர். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். அதில் யானைகளுக்கருகே ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. எலிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. போலித் துறவியின் கதை என்று வழிகாட்டிகள் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். கட்டிலருகே நற்செய்தி வாசித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று என்னை நிறுத்திவைத்தவை வேறு மூன்று. அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அருகில் தனிக்கல்லில் குரங்குக் குடும்பம்: ஒன்று குட்டிக்குப் பால் கொடுக்க, மற்றொன்று அதன் தலையில் பேன் பார்க்கிறது. சற்றுத் தள்ளிக் கிருட்டிண மண்டபத்தில் பசுவைக் கறக்கிறான் ஒருவன். பசுவோ தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. தெய்வங்களையும் முனிவர்களையும் செதுக்கிய உளிதான் சொறிவதையும் பேன் பார்ப்பதையும் நக்குவதையும் செதுக்கியிருக்கிறது. அந்தச் சிற்பி விலங்குகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அவன் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் நெத்திலியின் நோவை முதல் நாளே கண்டிருப்பான்.

நம் திருவிவிலியத்தில் பூனை வருவது ஓரிடத்தில்தான். பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரமாக அமைந்துள்ள எரேமியாவின் மடலில், உயிரற்ற சிலைகளின்மேல் பறவைகளோடு பூனைகளும் ஏறி உட்காருவதாக ஒரு வரி. சீர்திருத்தச் சபையாரின் பதிப்பில் அந்நூல் இல்லாததால் அவர்களுக்கு அந்த ஒன்றும் இல்லை. நாய்க்காவது தோபியாவோடு வழிநடக்கும் பேறு கிடைத்தது. அம்மாவிடம் இதை ஒருநாள் சொன்னேன். “எழுதினவங்க வீட்டுல பூனை இல்ல போலிருக்கு” என்று சொல்லிவிட்டு நெத்திலியின் காதைத் தடவினார்கள்.

அம்மா 2019 நவம்பரில், செங்கற்பட்டு தனி மாவட்டமான அதே மாதத்தில், இறைவனடி சேர்ந்தார்கள். கட்டில் இன்னும் நடு அறையிலேயே கிடக்கிறது. நெத்திலி கிழமாகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் இடப்பக்கத்துப் பை ஒருமுறை அடைத்துக்கொண்டது. தரையில் தேய்த்த அன்றே தூக்கிக்கொண்டு ஓடியதால் அழுத்தி எடுத்ததோடு முடிந்தது. மீண்டும் மீண்டும் வந்தால் பைகளையே அறுத்தெடுக்கும் சிகிச்சை உண்டாம். அவ்விடத்து நரம்பு பழுதுபட்டால் மலத்தை அடக்கும் ஆற்றல் போய்விடும் என்பதால் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறார்கள். வயதான பூனைக்கு அங்கே கடினமாக ஏதேனும் தட்டுப்பட்டால் அது புற்றாகவும் இருக்கலாம், காலந்தாழ்த்தாமல் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகையால் சனிக்கிழமைதோறும் அம்மாவின் கட்டிலில் அதை நிறுத்தி, வாலை உயர்த்தி இருபக்கமும் பார்க்கிறேன். சிவப்போ வீக்கமோ உண்டா என்று மட்டும். அது சீறும். சில நேரம் கோபத்தில் அந்தத் துளியையும் விட்டுவிடும். எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்துவைப்பேன். பிறகு பரங்கிக்காயும் மீனும் மசித்து வைப்பேன். மாலையில் நான் பால் குடிக்கும்போது அது காலருகே வந்து நின்று தம்ளரையே பார்க்கும். பால் மட்டும் இன்றுவரை வைத்ததில்லை.